காமெடி கார்ட்டூனில் ஓர் ஆக்‌ஷன் எபிசோடு: விமர்சனம் எழுதும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான். பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காமெடி கார்ட்டூன் தொடரில், ஒரு எபிசோடு முழுக்கத் துரத்தலும் சண்டையும் வெடிப்புமாக வந்திருக்கிறது. "ஆக்‌ஷன் நன்றாக இருந்தது, சிரிப்புதான் குறைவு" என்பதற்கு மேல் எழுத வரவில்லை. வேறு எதை வைத்து மதிப்பிடுவது?

சிக்கலே அந்த வரியில்தான் இருக்கிறது. ஆக்‌ஷனுக்கு ஒரு கணக்கு, சிரிப்புக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டுவிட்டால், பிறகு இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவதைத் தவிர வேலையில்லை. காமெடித் தொடரில் வரும் நல்ல சண்டைக் காட்சியில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அடி விழும் விதமே ஜோக்காக இருக்கும், அல்லது சண்டையில் சிக்கிய பாத்திரத்தின் குணமே சண்டை எங்கே போய் முடியும் என்பதைத் தீர்மானிக்கும். அதனால் ஒவ்வொரு ஆக்‌ஷன் காட்சியிலும் முதலில் கேட்க வேண்டியது: இவருக்குப் பதிலாக வேறு தொடரிலிருந்து ஓர் ஆளைத் தூக்கிப் போட்டாலும் இந்தச் சண்டை இப்படியேதான் நடக்குமா? நடக்கும் என்றால், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அது வெறும் இடைச்செருகல்.

இதைப் பழகிக்கொள்ள மிகச் சிறந்த பாடம் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் 'கேப் ஃபியர்' எபிசோடு. ஐந்தாவது சீசனின் இரண்டாவது எபிசோடாக 1993 அக்டோபர் 7 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஜான் விட்டி, இயக்கியவர் ரிச் மூர். 1962-லும் 1991-லும் வந்த ஒரே கதையின் இரண்டு திரைப்படங்களைப் பகடி செய்து எடுத்தது. சிறையிலிருந்து வெளியே வரும் சைட்ஷோ பாப், சிறுவன் பார்ட்டைக் கொல்லத் துரத்துகிறான். குடும்பமே தாம்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒரு படகு வீட்டுக்குக் குடிபோகிறது. பாப், அவர்கள் போகும் காருக்கு அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு பின்தொடர்கிறான்.

காருக்கு அடியிலிருந்து எழுந்து வருபவன் தரையில் கிடக்கும் ஒரு குப்பை வாரியின் பல்லை மிதிக்கிறான். கைப்பிடி எழும்பி முகத்தில் அறைகிறது. உறுமுகிறான். நகர்கிறான். அடுத்த வாரி. அறை. உறுமல். இப்படி ஒன்பது முறை. முதலில் ஒரே ஒரு வாரிதான் திட்டத்தில் இருந்தது. எபிசோடின் நீளம் போதாமல் போனதால் ஒன்பதாக இழுத்தார்கள். ஏற்கெனவே வந்த நீளமான சோபா காட்சியை (ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் குடும்பம் சோபாவில் வந்து உட்காரும் சின்ன ஜோக்) தொடக்கத்தில் மறுபடி பயன்படுத்தியதும் அதே காரணத்துக்காகத்தான். நேரத்தை ஓட்டச் சேர்த்த ஒன்று அந்தத் தொடரின் மிகவும் பேசப்படும் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே "இது நேரம் போக்கச் சேர்த்தது" என்ற தகவலையே குறையாக எழுதிவிடாதீர்கள். திரையில் அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் கணக்கு.

ஏன் வேலை செய்கிறது? அடிபடுபவன் பாப் என்பதால். படித்தவன், பாட்டும் நாடகமும் அறிந்தவன், எல்லாரையும்விட ஒரு படி மேலே என்று நம்புகிறவன். அவனைத் தோட்டக் கருவி தோற்கடிக்கிறது. முதல் இரண்டு அடிக்குச் சிரிக்கிறோம், நான்காவதில் சலிப்பு எட்டிப் பார்க்கிறது, ஆறாவதில் 'இன்னுமா!' என்ற வியப்பே சிரிப்பாகிறது. முகத்தில் ஆத்திரம் மாறுவதில்லை, சத்தம் மாறுவதில்லை, இடைவெளியும் ஏறக்குறைய மாறுவதில்லை. எண்ணிக்கை, சத்தம், முகபாவம் என்ற இந்த மூன்றையும் உங்கள் விமர்சனத்தில் நான்கு வாக்கியத்தில் எழுதினால், "டைமிங் அபாரம்" என்ற தேய்ந்த சொல்லுக்குத் தேவையே இருக்காது.

கிளைமாக்ஸ் இன்னும் முக்கியம். படகில் தனியாக மாட்டிக்கொண்ட பார்ட், கடைசி ஆசையாக 'எச்.எம்.எஸ். பினாஃபோர்' என்ற இசை நாடகம் முழுவதையும் பாடிக் காட்டச் சொல்கிறான். பாப்பின் தற்பெருமை மறுக்க விடாது. அவன் பாடி முடிப்பதற்குள் படகு மிதந்து ஊருக்கே வந்து போலீஸ் கையில் சேர்கிறது. பார்ட் ஒரு குத்துகூட விடவில்லை. வில்லனின் குணமே வில்லனை வீழ்த்துகிறது. இந்த வகை எபிசோடுகளை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நீங்கள் விமர்சிக்கும் எபிசோடில் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "அவன் இப்படிப்பட்டவன் என்பதால்" என்று அந்த வாக்கியம் முடிந்தால் திரைக்கதை உறுதியானது. "அந்த நேரத்தில் தற்செயலாக" என்று முடிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. அந்தத் தற்செயலே ஜோக்காக இருந்தால் மட்டும் மன்னிக்கலாம்.

அதே தொடரின் எட்டாவது சீசனில் 1996 நவம்பர் 3 அன்று வந்த 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்' வேறொரு பாடம் சொல்லும். பார்ட்டின் அப்பா ஹோமருக்குப் புது வேலை கிடைக்கிறது. முதலாளி ஹாங்க் ஸ்கார்பியோ அன்பானவர், ஊழியர்கள்மேல் அக்கறை கொண்டவர். அதே சமயம் உலகத்தை மிரட்டும், ஜேம்ஸ் பாண்ட் பட பாணி வில்லனும் அவர்தான். குரல் கொடுத்தவர் ஆல்பர்ட் புரூக்ஸ். ஹோமருக்கு இதெல்லாம் கடைசிவரை உறைப்பதே இல்லை. படைவீரர்கள் நுழைந்து எல்லாப் பக்கமும் சுட்டுக்கொண்டிருக்கும்போது, ஸ்கார்பியோ நெருப்பைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது, ஹோமர் வந்து குடும்பத்துக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை, வேலையை விடுகிறேன் என்கிறார். முன்னால் நடப்பது ஒரு நல்ல முதலாளியும் ஒரு நல்ல ஊழியரும் பிரியும் காட்சி. பின்னால் நடப்பது போர். ஆக்‌ஷன் எத்தனை நிமிடம் என்று மட்டும் எண்ணினால் இந்தக் காட்சியைத் தவறவிடுவீர்கள். சட்டகத்தின் முன்பக்கம் எதற்குக் கொடுக்கப்பட்டது, பின்பக்கம் எதற்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மையத்தில் எதை வைப்பது என்பதில்தான் இயக்குநரின் முடிவு தெரியும்.

'ஃபேமிலி கை' என்ற கார்ட்டூன் தொடரில் நாயகன் பீட்டரும் ஆள் உயரக் கோழி ஒன்றும் போடும் சண்டைகளும் இந்த இடத்தில் உதவும். 1999 டிசம்பரில் 'டா பூம்' எபிசோடில் முதலில் வந்தது. காலாவதியான ஒரு கூப்பனை அந்த ராட்சதக் கோழி பீட்டரிடம் கொடுத்ததுதான் காரணம். அற்பக் காரணத்துக்கும் ஊரையே நொறுக்கும் சண்டைக்கும் உள்ள இடைவெளிதான் ஜோக். 2005-இல் மறுபடி வந்தது. 2007-இல் 'நோ கிறிஸ் லெஃப்ட் பிஹைண்ட்' எபிசோடில் மூன்றாம் முறை வந்தபோது, நடுவில் இருவரும் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்றே மறந்து, சமாதானமாகி, சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். பில்லை யார் கொடுப்பது என்பதில் மறுபடி கைகலப்பு. நீண்டகாலத் தொடர் பழைய சண்டையைத் திரும்பக் கொண்டுவரும்போது பார்க்க வேண்டியது இந்த அசைவைத்தான். பழையதைவிட நீளமாகவும் சத்தமாகவும் மட்டும் இருந்தால் அது இழுவை. ஒரு புதுத் திருப்பமாவது சேர்ந்திருந்தால், அது என்ன என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இனி பார்க்கும் முறை. முதல் தடவை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். எங்கே சிரித்தோம், எங்கே கவனம் சிதறியது என்பது மட்டும் மனதில் நிற்கட்டும். இரண்டாவது தடவை, நிமிடமும் நொடியும் போட்டுக் குறிப்பெடுங்கள். விளம்பரம் நீங்கலாக இத்தகைய எபிசோடு சுமார் 22 நிமிடம், அதாவது 1,320 நொடி. ஒவ்வொரு ஆக்‌ஷன் காட்சியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இடையில் ஜோக்குக்கான முயற்சி எத்தனை, மிக நீளமான வறண்ட பகுதி எவ்வளவு என்று குறியுங்கள். ஒரு காமெடியில் 90 நொடிக்கு மேல் சிரிக்க வைக்கும் முயற்சியே இல்லாமல் ஓடினால், அதற்குக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான பதற்றம் உண்டாக்க வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால் அது துணிச்சல். வெறும் ஓட்டமும் குண்டும் என்றால் சோர்வு. தடுமாறிய ஜோக்கையும் எண்ணிக்கையில் சேருங்கள். முயன்று விழுந்ததும் முயலாமலே விட்டதும் ஒன்றல்ல.

மூன்றாவது தடவை ஆக்‌ஷன் காட்சிகளை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வசனமும் இசையும் இல்லாமல் யார் எங்கே ஓடுகிறார்கள், யார் யாரை அடித்தார்கள் என்று புரிகிறதா? பிறகு ஒரு தாளில் அந்த இடத்தின் வரைபடத்தைக் கிறுக்கிப் பாருங்கள்: கதவு எங்கே, வண்டி எங்கே, வில்லன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான். வரைய முடியவில்லை என்றால் காட்சியின் இடவமைப்பு குழம்பியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தவர் அடுத்த ஷாட்டில் காரணமே இல்லாமல் வலமிருந்து இடமாக ஓடுவார். இடத்தை முழுதாகக் காட்டும் அகல ஷாட் இல்லாமல் நெருக்க ஷாட்டுகளையே அடுக்குவது அடுத்த காரணம். ஒரு 40 நொடிக் காட்சியில் 20 வெட்டு இருந்தால் சராசரியாக ஒரு ஷாட் இரண்டு நொடி. அது வேகமாகத் தெரியும், ஆனால் ஜோக் பதிய நேரம் இருந்ததா என்பது தனிக் கேள்வி. உடல் நகைச்சுவைக்கு முழு உடலும் தெரியும் அகல ஷாட் வேண்டும், அடிபட்ட பிறகு முகத்தைப் பார்க்க அரை நொடியாவது வேண்டும். வெட்டிக்கொண்டே போனால் இரண்டும் போய்விடும்.

வரைகலையைப் பற்றி எழுதும்போதுதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "அனிமேஷன் செம" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இத்தொடர்களின் வழக்கமான எபிசோடில் ஆட்கள் சோபாவிலும் மேசையிலும் உட்கார்ந்து பேசுவார்கள். வாய், புருவம், ஒரு கை அசைந்தால் போதும். ஆக்‌ஷனில் முழு உடலும் அசைய வேண்டும், இதுவரை வரையாத கோணங்கள் வேண்டும், புதுப் பின்னணிகள் வேண்டும். நொடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். வேகமான அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் 24-ம் தனித்தனியாக வரைய வேண்டியிருக்கும். அதனால் எங்கே செலவழித்தார்கள், எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று தேடுங்கள். அசையாத படத்தின்மேல் வேகக் கோடு, வெறும் கேமரா குலுக்கல், அடியைக் காட்டாமல் பக்கத்தில் நின்று பார்க்கும் பாத்திரத்தின் முகத்தைக் காட்டுவது, திரைக்கு வெளியே கேட்கும் 'டமால்' எல்லாம் மிச்சம் பிடிக்கும் வழிகள். இவை தன்னளவில் குறை கிடையாது. திரைக்கு வெளியே விழும் சத்தம் பல சமயம் காட்டுவதைவிட அதிகம் சிரிக்க வைக்கும். எபிசோடின் மிக முக்கியமான அடியையே இப்படி மறைத்திருந்தால்தான் குறை.

ஓர் அடியை நெருங்கிப் பார்ப்பது எப்படி? கையைப் பின்னால் இழுக்கும் ஓங்கல், படும் கணம், பட்ட பிறகு உடல் தடுமாறும் நிலை என்று அதற்கு மூன்று பகுதி உண்டு. ஓங்கல் இல்லையென்றால் அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. படும் கணத்தில் வெட்டிவிட்டால் கனம் இருக்காது. தடுமாற்றம் இல்லையென்றால் அட்டைப் பெட்டியை அடித்த மாதிரி இருக்கும். விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசையால் முன்னேயும் காற்புள்ளி விசையால் பின்னேயும் நகரலாம். ஆனால் இப்படி நிறுத்திப் பார்க்கும்போது முகம் கோணலாக, கை நீண்டு இழுபட்டதாக ஒரு படம் தெரிந்தால் உடனே "மோசமான வரைதல்" என்று எழுதிவிடாதீர்கள். வேக அசைவில் வேண்டுமென்றே உருவத்தை இழுத்து வரைவது பழைய உத்தி. ஓடும் வேகத்தில் கண்ணுக்கு அது வழுக்கலாகத்தான் தெரியும். ஓட்டத்தில் உறுத்தினால் மட்டுமே குறை.

ஒவ்வொரு தொடரையும் அதன் சொந்த வரைமொழியை வைத்து அளக்க வேண்டும். 'சவுத் பார்க்' காகிதம் வெட்டி ஒட்டியது போன்ற தோற்றத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறது. பெரும்பாலான எபிசோடுகள் கம்ப்யூட்டரில் ஒரு வாரத்துக்குள் தயாராகின்றன. ஆட்கள் விறைப்பாக நகர்வது அங்கே குறை கிடையாது. 2004 மார்ச் 17 அன்று எட்டாவது சீசனைத் தொடங்கிய 'குட் டைம்ஸ் வித் வெப்பன்ஸ்' இதையே ஆயுதமாக்கியது. சிறுவர்கள் ஒரு சந்தையில் நிஜ நிஞ்ஜா ஆயுதங்களை வாங்குகிறார்கள். விளையாட்டு தொடங்கியதும் திரை முழுக்க ஜப்பானிய அனிமே பாணிக்கு மாறுகிறது: நீண்ட தசைகள், பறக்கும் முடி, வேகக் கோடுகள். எறிந்த நட்சத்திர ஆயுதம் பட்டர்ஸ் என்ற இன்னொரு சிறுவனின் கண்ணில் போய்க் குத்தி நிற்கிறது. அடுத்த கணம் திரை பழைய காகித உருவத்துக்குத் திரும்புகிறது. அங்கே ஒரு சின்னப் பையன் கண்ணில் இரும்போடு அலறுகிறான். சிறுவர்களின் கற்பனைக்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தை வரைபாணியே சொல்லிவிடுகிறது. பாணி மாற்றம் உள்ள எபிசோடை விமர்சித்தால் கேட்க வேண்டியது இதுதான்: எந்த நொடியில் மாறியது, எந்த நொடியில் திரும்பியது, அந்த இரண்டு இடங்களிலும் கதையில் என்ன நடந்தது? பதில் கிடைக்காவிட்டால் அந்த மாற்றம் அலங்காரம்தான்.

சத்தத்துக்கு ஒரு தடவை தனியாக ஒதுக்குங்கள்: திரையைப் பார்க்காமல் கேளுங்கள். காமெடி ஆக்‌ஷனில் இசை பெரும்பாலும் சிரிக்கவே கூடாது. 'கேப் ஃபியர்' எபிசோடில் 1962 படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த அச்சுறுத்தும் இசை அப்படியே கனமாக ஒலிக்கிறது. இசை ஆபத்தை நம்புவதால்தான் திரையில் நடக்கும் அபத்தம் உறைக்கிறது. இசையும் சேர்ந்து கண்ணடித்தால் பதற்றமும் போகும், சிரிப்பும் போகும். குரல் நடிப்பையும் கவனியுங்கள்: ஓடும்போது மூச்சு வாங்குகிறதா, வலிக்கும்போது அந்தப் பாத்திரம் தனக்கே உரிய முறையில் கத்துகிறதா?

அடுத்து, ஆபத்து எதற்கு என்ற கேள்வி. அடுத்த வாரம் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அதனால் "இவர் செத்துவிடுவாரா" என்பதில் பதற்றமே இருக்காது. நல்ல எழுத்தாளர்கள் வேறொன்றைப் பணயம் வைப்பார்கள்: மகளுக்குக் கொடுத்த வாக்கு, ஒரு மானம், ஒரு நட்பு, விருந்தினராக வந்த பாத்திரத்தின் தலைவிதி. நீங்கள் பார்த்த எபிசோடில் அந்தப் பணயம் எது, எத்தனையாவது நிமிடத்தில் அது நமக்குத் தெரிந்தது என்று எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்தும் தெரியவில்லை என்றால் சண்டைகள் ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. முடிவில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதைக் குறையாக எழுத வேண்டாம். இந்த வகைத் தொடரின் இயல்பு அது. எப்படித் திரும்பினார்கள் என்பதை மட்டும் எடை போடுங்கள்.

பகடி எபிசோடுகளில் ஒரு பொறி உண்டு. மூலப் படத்தை அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சியையே எபிசோடின் தரம் என்று எண்ணிவிடுவோம். மூலத்தைப் பார்க்காத ஒருவருக்கு அந்தக் காட்சி தானாக நிற்குமா என்று சோதியுங்கள். வாரிக் காட்சிக்கு எந்தப் படமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எழுதும்போது அளவு முக்கியம். 800 சொல்லில் எழுதினால் கதைச் சுருக்கம் 120 சொல்லைத் தாண்டக் கூடாது. இரண்டே இரண்டு காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: மிகச் சிறந்தது ஒன்று, மிகவும் தடுமாறியது ஒன்று. பத்துக் காட்சியைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட இரண்டை அக்கு அக்காகப் பிரிப்பது பயன் தரும். "கிளைமாக்ஸ் சண்டை கொஞ்சம் நீளம்" என்று எழுதாமல், கற்பனையாக ஓர் உதாரணம் சொன்னால், "கூரைச் சண்டை 17-ஆம் நிமிடத்தில் தொடங்கி மூன்று நிமிடம் ஓடுகிறது, அப்பா உயரத்துக்குப் பயப்படுவார் என்று முதல் பகுதியில் காட்டியதை அங்கே ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை" என்று எழுதுங்கள். படிப்பவருக்கு நீளம் ஏன் உறுத்தியது என்று தெரியும், மறுக்க விரும்புகிறவருக்கும் பிடி கிடைக்கும். இரண்டாம் கதை ஒன்று ஓடினால், சண்டையின் நடுவில் அங்கே வெட்டிப் போனது வேகத்தைக் கெடுத்ததா, மூச்சு விட இடம் தந்ததா என்று ஒரு வரி போதும். புதிய எபிசோடு என்றால் கடைசித் திருப்பத்தை எழுதாதீர்கள். பழையதென்றால் தயக்கம் வேண்டாம், முடிவைப் பேசாமல் ஆக்‌ஷன் கதையை எடை போடவே முடியாது.

"பழைய சீசன் மாதிரி இல்லை" என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பழைய எபிசோடோடு ஒப்பிட வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட எபிசோடை, ஒரு குறிப்பிட்ட காட்சியை வைத்து ஒப்பிடுங்கள்.

பாராட்டையும் குறையையும் சரியான ஆளுக்கு எழுத வேண்டும். வசனமும் கதை ஒட்டும் எழுத்தாளர் அறையின் வேலை. டைட்டிலில் ஒருவர் பெயர் இருந்தாலும் பலர் கை வைத்திருப்பார்கள். சண்டையின் அமைப்பு, கோணம், டைமிங் இவை இயக்குநரும் ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே படம் படமாகப் போடும் திட்டம்) வரைந்தவர்களும் செய்தவை. அசைவுகளை வரையும் ஸ்டூடியோ பல தொடர்களில் வேறு நாட்டில் இருக்கும். சீசன் எண்ணை மட்டும் நம்பி "இந்தக் குழு வந்த பிறகு தொடர் மாறிவிட்டது" என்றும் எழுதக் கூடாது. தயாரித்த வரிசையும் ஒளிபரப்பான வரிசையும் வேறுபடும். எந்தத் தயாரிப்பு வரிசையில் உருவானது என்பதைத் தயாரிப்புக் குறியீடு காட்டும். 'கேப் ஃபியர்' எபிசோடின் குறியீடு 9எஃப்22. அதாவது ஐந்தாவது சீசனில் ஒளிபரப்பானாலும் நான்காவது சீசனின் தயாரிப்பில் உருவானது, பழைய எழுத்தாளர் குழுவின் கடைசி வேலை. 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்' 3எஃப்23, அதுவும் முந்தைய சீசனின் தயாரிப்பிலிருந்து வந்ததுதான். கட்டுரையை வெளியிடும் முன் தொடக்கத்திலும் இறுதியிலும் வரும் பெயர்ப் பட்டியலை ஒருமுறை நிறுத்தி, எழுதியவர், இயக்கியவர், சிறப்புக் குரல் கொடுத்தவர் பெயர்களையும், கிடைத்தால் அந்தக் குறியீட்டையும் உங்கள் பிரதியோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.